மாமியார், பிள்ளைகளோடு மலை ஏரி பார்க்கப் போகிறோம்: கொடைக்கானலா, ஊட்டியா?

பாமணிக்கரை (மன்னார்குடி):

எல்லோருக்கும் வணக்கம். சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. வயலில் இப்போது உளுந்து நிற்கிறது, அது முற்றும் வரைக்கும் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கை ஓய்வு. இதை விட்டால் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அப்புறம் வெயில், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை என்று வருஷம் ஓடிவிடும். அதனால் இந்த மாசியிலேயே ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி, பள்ளிக்கூடத்துக்கு ஓரிரண்டு நாள் லீவு சொல்லி, மலைக்குப் போய் ஏரி பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்களுக்குத் தண்ணீர் புதிதில்லை. வாசலில் பாமணி ஆறு, ஊருக்குள் ஹரித்ராநதி தெப்பக்குளம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகும் ஏறியாயிற்று. ஆனால் மலையைத்தான் பார்த்ததில்லை. என் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. மலைக்கு நடுவில் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அவ்வளவு உயரத்தில் தண்ணீர் எப்படிம்மா நிற்கும், கீழே ஓடி வந்துவிடாதா?" என்று நேற்றுக்கூடக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்தவர்கள் அதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

போவது ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி, சமதரையில் நடப்பார், படி என்றால் கஷ்டம். பெண் ஏழாவது, பையன் மூன்றாவது. பையனுக்குக் காரில் ஏறினாலே வாந்தி, தஞ்சாவூர் போவதற்குள்ளேயே வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். கொழுந்தனாரின் ஏழு பேர் உட்காரும் வண்டி இருக்கிறது, வீட்டுக்காரரே ஓட்டுவார். நன்றாக ஓட்டுவார், ஆனால் மலையில் ஓட்டியதில்லை.

டிராவல்ஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டதற்கு ஊட்டி, கொடைக்கானல், மூணாறு மூன்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம், ஏரி மட்டும் ஏழெட்டு பார்க்கலாம் என்கிறார். கேட்க ஆசையாக இருந்தாலும் மாமியாரையும் பையனையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள், குறிப்பாக நம் பக்கத்திலிருந்து வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள், எந்த ஏரி, எந்த வழி என்று சொல்லுங்கள்.

கரந்தை டிரைவர் (தஞ்சாவூர்):

அக்கா, முதலில் அந்த மூன்று மலைத் திட்டத்தைக் கையால் கூடத் தொடாதீர்கள். வேன் ஓட்டுவதுதான் என் தொழில், அதனால் அடித்துச் சொல்கிறேன். வரைபடத்தில் ஊட்டியும் கொடைக்கானலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நிஜத்தில் ஒரு மலையை முழுக்க இறங்கி, சமவெளியில் பல்லடம், தாராபுரம், பழனி என்று வந்து, மறுபடி இன்னொரு மலையை முழுக்க ஏற வேண்டும். ஒரு பகல் முழுவதும் வண்டியிலேயே போய்விடும். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அது தண்டனை. ஒரு மலை, அதில் ஒரு ஏரி, அதன் கரையிலேயே இரண்டு மூன்று ராத்திரி. அப்படிப் போனால்தான் பெரியவர்களுக்கு ஏரி பார்த்த மாதிரி இருக்கும். மற்றபடி நீங்கள் பார்ப்பது ஏரியை இல்லை, வண்டிக் கண்ணாடியை.

உங்களுக்குக் கொடைக்கானல்தான் சரி. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று ஏறக்குறைய 300 கிலோமீட்டர். திண்டுக்கல் வரைக்கும் நல்ல சாலை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள், வெயில் ஏறும்போது வத்தலக்குண்டு தாண்டி மலையடிவாரம் வந்துவிடலாம். டீசல் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைச்சாலை, அகலமான சாலை, பழகாதவரும் நிதானமாக ஏறலாம். நடுவில் டம்டம் பாறையில் கட்டாயம் நிறுத்துங்கள். எதிரே எலிவால் அருவி மலையில் கோடு கிழித்தது போல விழுவது தெரியும், ஏறக்குறைய 975 அடி, தமிழ்நாட்டிலேயே உயரமானது அதுதான். பையனுக்கும் காற்று வாங்கின மாதிரி இருக்கும். கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் இருக்கும்போது சாலை ஓரத்திலேயே வெள்ளி அருவி. மேலே இருக்கிற ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. மாமியாரிடம் அதைக் காட்டி, இதோ இந்தத் தண்ணீரின் தலைமாட்டுக்குத்தான் போகிறோம் என்று சொல்லுங்கள்.

இப்போது வீட்டுக்காரருக்கு. அண்ணே, நம் பக்கம் மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறுவதுதான், அதனால் பிரேக்கை நம்பியே ஓட்டிப் பழகியிருப்பீர்கள். மலையில் இறங்கும்போது அது ஆகாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், இரண்டிலோ மூன்றிலோ போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. நியூட்ரலில் விடுவது கூடவே கூடாது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடாகித் தீய்ந்த வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு எப்போதும் வழி விடுங்கள். வளைவில் ஹார்ன். மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கினால் எதிரே பத்தடி தெரியாது, அப்போது ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி கண்ணைக் கட்டும், லோ பீம்தான். இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. இணையத்தில் பதிந்தால் கிடைத்துவிடும், காசு இல்லை. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வேறு வரம்பு வைத்தார்கள், கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000. மாசியில் போகிறீர்கள், அந்த நெருக்கடி இருக்காது. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்):

பாமணிக்கரை, நானும் முழங்கால் வலி இருக்கிற என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவள்தான், அதனால் டிரைவர் தம்பி சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

அறை பதியும்போது ஏரி தெரியுமா என்று கேட்பதற்கு முன், வண்டி நிற்கிற இடத்திலிருந்து அறைக்குப் போக எத்தனை படி என்று கேளுங்கள். கொடைக்கானலில் கட்டடமெல்லாம் சரிவில்தான் நிற்கிறது. தரைத்தளம் என்று சொல்லுவார்கள், போய்ப் பார்த்தால் சாலையிலிருந்து இருபது முப்பது படி இறங்கிப் போகிற தரைத்தளமாக இருக்கும். வெந்நீர் நாள் முழுவதும் வருமா, காலையில் மட்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கூடுதலாக ஒரு கம்பளி வாங்கி வையுங்கள், மாசியில் பகல் இதமாக இருக்கும், இரவு நம் மார்கழியை விட அதிகமாகக் குளிரும். 7,000 அடி உயரம் அது. பெரியவர்களுக்குக் காதை மூட மப்ளர், காலுக்குச் சாக்ஸ், இரண்டும் இங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். ரத்த அழுத்தம், மூச்சிறைப்பு என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பையனுக்கு: நடு வரிசையில் உட்கார வைத்து நேர் எதிரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்க விடாதீர்கள், போனைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய் மணக்கிற பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் மலை ஏறுவதற்கு முன்னாலேயே, மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு. எங்கள் வீட்டில் காய்ந்த நார்த்தங்காய்தான், ஒரு துண்டைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டால் வளைவு வளைவாக ஏறுகிற நேரம் முழுக்கத் தாங்கும். உங்கள் மாமியாரிடம் கட்டாயம் ஒரு ஜாடி இருக்கும்.

சாப்பாடு ஒரு வேளைக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், வாழை இலையில் கட்டுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர் எதையும் கொண்டு போகாதீர்கள், வழியில் சோதனை இருக்கிறது. எவர்சில்வர் கூஜாவோ பெரிய கேனோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரி என்றதும் எல்லோரும் படகைத்தான் சொல்லுவார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஏரியைச் சுற்றியிருக்கிற சாலைதான். 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை, உங்கள் மாமியார் அவரால் முடிந்த தூரம் நடந்து உட்கார்ந்து கொள்ளலாம். காலை ஆறரை மணிக்குப் போங்கள். தண்ணீருக்கு மேலே ஆவி இழை இழையாக எழும்பி ஒரே பக்கமாக நகரும், ஆளில்லாத படகுகள் கட்டிக் கிடக்கும், வெயில் எதிர்க்கரை மரத்து உச்சியில் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு இறங்கும். எங்கள் அம்மா அப்படியே நின்றுவிட்டார்கள், கூப்பிடக்கூட எனக்கு மனசு வரவில்லை. பத்து மணிக்கு மேல் குதிரை, சைக்கிள், சோளக்கருது வண்டி என்று அது வேறு இடமாகிவிடும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். படகில் போவதென்றால் மாமியாருக்கு ஆள் ஓட்டுகிற துடுப்புப் படகை எடுங்கள், பெடல் போட்டில் முழங்காலை மடக்கி உட்கார முடியாது. எத்தனை வயதானாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாமல் ஏற்றாதீர்கள், புடவைக்கு மேல் கட்டக் கூச்சப்படுவார்கள், விடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

எல்லோரும் கொடைக்கானல் என்கிறீர்கள், நான் ஊட்டிக்காகப் பேசுகிறேன். உங்கள் ஊரிலேயே ரயில் இருக்கும்போது எதற்கு 300 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும்? மன்னார்குடியில் இரவு செம்மொழி எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியற்காலை கோயம்புத்தூர். பெரியவர்களுக்குக் கால் நீட்டிப் படுக்க இடம், பையனுக்கு வாந்தி இல்லை. அங்கிருந்து மேட்டுப்பாளையம் போய் அரசுப் பேருந்தில் ஏறலாம், பேருந்துக்கும் ரயிலுக்கும் இ-பாஸ் தேவையில்லை.

மலை ரயிலை விடாதீர்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும் வந்தது, 1908-இல் ஊட்டி வரைக்கும். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குன்னூர் வரைக்குமான ஏற்றத்தில் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும், எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 வண்டியில் ஏறினால் ஊட்டி சேர ஐந்து மணி நேரம் ஆகும், உங்கள் மாமியாருக்கு அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றால் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஏறுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எதுவானாலும் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

ஏரி விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டி நகர ஏரியில் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்க் கழிவுநீர் வந்து கலக்கிறது, எத்தனையோ தடவை தூர்வாரியும் சுத்தம் செய்தும் அந்தக் கஷ்டம் தீரவில்லை. அதற்காகப் போகாதீர்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா. ஒரு பக்கம் சோலைக்காடு, ஒரு பக்கம் மொட்டைப் புல்மேடு, நடுவில் கண்ணாடி போலத் தண்ணீர், அதுதான் நீங்கள் தேடுகிற ஏரி. அவலாஞ்சி அதை விட அழகு, ஆனால் வனத்துறை வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும், முழங்கால் வலிக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மதகு (திருவாரூர்):

பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கே தங்குவது என்பதில் நான் தலையிடவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் இங்கே பெரிய கேள்வி.

அம்மா கேட்டது முழுக்க நியாயம். மேலே இருக்கிற தண்ணீர் கீழே ஓடி வந்துவிடத்தான் பார்க்கும். நீங்கள் பேசுகிற ஏரிகள் ஒவ்வொன்றும் அதை நிறுத்தி வைக்க மனிதன் கரை போட்டதால் உண்டானவை. கொடைக்கானலில் முதலில் இருந்தது சதுப்பு நிலமும் ஓடையும். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் அதன் வாயில் கரை கட்டினார், தண்ணீர் பக்கத்துப் பள்ளங்களுக்குள்ளெல்லாம் கை நீட்டிப் பரவி நட்சத்திரம் போல ஆனது, பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கர். ஊட்டி ஏரி அதற்கும் முன்னாலே, 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் வெட்டியது.

நம் பக்க ஏரியை நினைத்துப் பாருங்கள். வீராணத்தில் தண்ணீரை நிறுத்த 16 கிலோமீட்டர் நீளக் கரை வேண்டியிருந்தது, தரை தட்டையாக இருப்பதால். மலையில் மூன்று பக்கமும் இயற்கையே கரை போட்டு வைத்திருக்கிறது. ஓடை வெளியே போகிற அந்த இடுக்கான வாயை மட்டும் அடைத்தால் போதும், சின்னக் கரைக்குப் பின்னால் பெரிய ஏரி நின்றுவிடும். உங்கள் மாமியாரை அந்தக் கரைக்கும், நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலிங்குக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கலிங்கு என்றால் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, மழை இல்லாத மாசியிலும் தண்ணீர் எப்படி வந்துகொண்டே இருக்கிறது? சோலையும் புல்வெளியும்தான் காரணம். பெய்கிற மழையை அந்த மண்ணும் வேரும் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசிய விடுகின்றன. தைலமரமும் வாட்டில் மரமும் வைத்துப் புல்வெளியை மூடிய இடங்களில் அந்த ஊற்றுகள் வற்றிப் போயின. மரம் நட்டால் நல்லதுதானே என்று நினைப்போம், அந்த மலைக்குப் புல்தான் நல்லது.

இப்போது நமக்கு ஒட்டிய விஷயம். வெண்ணாற்றங்கரை சொன்ன பைக்காரா தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? மின்சாரம் எடுத்துவிட்டு (1932-இலேயே அங்கே மின்நிலையம் வந்துவிட்டது, மேட்டூர் அணை முடிந்ததே 1934-இல்தான்) மாயாறாக ஓடிப் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி மூன்றும் குந்தா மின் திட்டத்து ஏரிகள், கனடா நாட்டு உதவியோடு கட்டியவை. அந்தத் தண்ணீரும் மலையில் படிப்படியாகப் பல மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுப் பில்லூர் வழியாகப் பவானியில்தான் இறங்குகிறது. பவானி காவிரியில் சேர்வது பவானி கூடுதுறையில், அதாவது மேட்டூருக்குக் கீழே. வழியில் கீழ்பவானி வாய்க்காலும் காலிங்கராயனும் ஈரோட்டுப் பக்கத்து வயலுக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு வரும், ஆனால் மழை வலுத்த வருஷங்களில் நன்றாகவே வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படிக் கொட்டுகிற தண்ணீர் பவானி வழியாகத்தான் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் வந்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: அவர்கள் வாசலில் ஓடுகிற பாமணிக்கு அந்த மலையிலும் ஒரு தலை இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆற்றில் குதித்துப் பழகியவர்கள், தண்ணீரைப் பார்த்தால் பயம் கிடையாது. ஆற்றில் காலுக்கு மணல் தட்டும், மெல்ல மெல்ல ஆழமாகும். மலை ஏரியில் கரையை விட்டு இரண்டடி வைத்தால் திடீரென்று பள்ளம், அடியில் சேறு, சேற்றில் கொடி. தண்ணீரின் குளிரில் நீச்சல் தெரிந்தவனுக்கே மூச்சு அடைத்துக் கை கால் இழுத்துக்கொள்ளும். கால் நனைக்கக்கூட விடாதீர்கள்.

காவிரிக்கரை (மயிலாடுதுறை):

ரொம்ப தூரம் வேண்டாம் என்றால் ஏற்காட்டையும் யோசியுங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுதான், ஊருக்கு நடுவிலேயே ஏரி, செலவும் குறைவு. குளிர் கடுமை இல்லாததால் பெரியவர்களுக்கு நல்லது. ஆனால் ஏரி சின்னது, ஒரு நாளில் பார்த்து முடிந்துவிடும். கொல்லிமலை பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், 70 வளைவு, உங்கள் பையன் தாங்க மாட்டான்.

பாமணிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மதகு ஐயா எழுதியதை மாமியாருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் நம் ஏரிதான், மேலே கட்டியிருக்கிறான், அவ்வளவுதானே" என்றார். அவர் இப்போது ஊட்டி பக்கம் சாய்கிறார், பவானி தண்ணீரைப் பார்க்க வேண்டுமாம். ஆனால் பையனுக்கும் வண்டிக்கும் தோதான வழி என்று பார்த்தால் இந்தத் தடவை கொடைக்கானல் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். அடுத்த மாசிக்கு ரயிலில் ஊட்டி, பைக்காரா. மூன்று மலைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

இன்னும் இரண்டு சந்தேகம். கொடைக்கானல் ஏரி ஊருக்குள்தான் இருக்கிறது. கூட்டமில்லாமல், காட்டுக்குள் இருக்கிற ஏரி ஒன்றாவது காட்டினால் அவருக்குத் திருப்தியாக இருக்கும். பேரிஜம், மன்னவனூர் என்று இரண்டு இடம் சொல்கிறார்கள், எது நல்லது? அப்புறம், திரும்பும்போது பழனி முருகனைப் பார்க்காமல் வரக்கூடாது என்கிறார், அந்த வழி எப்படி?

கரந்தை டிரைவர்:

பேரிஜம்தான் அக்கா. மன்னவனூர் அழகான இடம், ஆட்டுப் பண்ணை, புல்வெளி, பரிசல் எல்லாம் இருக்கிறது, ஆனால் 35 கிலோமீட்டர் வளைவுச் சாலை, அதற்கு மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் புல்மேட்டில் இறங்கி நடக்க வேண்டும். பேரிஜத்துக்கு வண்டி ஏரிக்கரை வரைக்கும் போகும். 23 கிலோமீட்டர், முழுக்கக் காடு. வனத்துறை அனுமதி வாங்கினால்தான் விடுவார்கள், ஒரு நாளைக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் வண்டி, அதனால் போய்ச் சேர்ந்ததுமே அதை விசாரித்து மறுநாளைக்கு ஏற்பாடு செய்யுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள், அன்றைக்கு வற்புறுத்தாதீர்கள், ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். அங்கே படகு கிடையாது, கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் கையில் கொண்டு போய், குப்பையைக் கையிலேயே திருப்பிக் கொண்டு வர வேண்டும். காலையிலேயே போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

மதகு:

ஒரு வரி சேர்க்கிறேன். பேரிஜம் பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரி. படகு விடாததில், கடை வைக்க விடாததில் நியாயம் இருக்கிறது.

அரசலாறு:

பழனிக்கு நான் வழி சொல்கிறேன். கொடைக்கானலை விட்டுக் கிளம்பும் நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அங்கேயே இருக்கிற குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போங்கள், 1936-இல் கட்டியது, படி அதிகம் இல்லை. மேகம் இல்லாவிட்டால் அங்கே நின்றே பழனி மலை தெரியும், மறுநாள் போகிற இடத்தை மாமியார் மேலேயிருந்தே பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர் மலைச்சாலை, வத்தலக்குண்டு வழியை விட வளைவு அதிகம், அதனால் வெளிச்சத்திலேயே, டிரைவர் தம்பி சொன்ன கியரில் இறங்குங்கள். பையனுக்கு அன்றைக்கும் நார்த்தங்காய்.

பழனியில் படி ஏற வேண்டாம், தண்டவாளத்தில் இழுத்து ஏற்றுகிற விஞ்ச்சும் இருக்கிறது, ரோப் காரும் இருக்கிறது. ரோப் காரைக் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்கும் மூடுவார்கள், அதனால் விஞ்ச் வரிசையிலேயே நில்லுங்கள். கிருத்திகை, செவ்வாய், ஞாயிறு மூன்றையும் தவிர்த்தால் வரிசை சீக்கிரம் நகரும். தரிசனம் முடிந்து மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பினால் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், திருச்சி வழியாக இரவுக்குள் ஊர் சேரலாம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறீர்கள் என்றால் திங்கள்கிழமை பழனி வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.